பன்னிரண்டாம் வட்டாரத்துக் கொரியா அண்ணை

1

போன மாதம் பெரியண்ணை கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தார். கிளாலிக் கடலைத் தாண்டி, வவுனியாவில் பயணப் பாஸுக்குக் காய்ந்து, அண்ணியின் கண்ணைக் காட்டுவதற்காக வந்தவர். வெள்ளவத்தையில் ஏதோ ஒரு ரெலிபோன் கடைக்குள் நின்று பேசினார். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில் ஒழுங்காக விளங்கவேண்டுமென்றால் ஒரு கொரியாக்காரரின் வாழ்க்கையையும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மீற்றர் ஓடுகிற ரெலிபோனில் அது ஏலாத காரியம். அதனால் இங்கே எழுதுகிறேன். பெரியண்ணையைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து அவருக்குக் காட்டவேண்டாம். காரணம் கடைசியில் தெரியும்.

நான் புங்குடுதீவு, பன்னிரண்டாம் வட்டாரம். எங்கள் ஆட்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது பெயருக்கு அடுத்ததாகச் சொல்வது வட்டாரத்தைத்தான். வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தீவு பன்னிரண்டு வட்டாரம். கோயில் திருவிழாவில் முறை பிரிப்பதும், கலியாணம் பேசுவதும், செத்தவீட்டில் யார் எங்கே குந்துவது என்பதும் வட்டாரக் கணக்குத்தான். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கே என் கடை எரிந்தபோது, லொறியில் ஏற்றி அகதிமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த லொறிக்குள்ளேயே ஒருவர் என் தோளைத் தட்டி, "தம்பி எந்த வட்டாரம்?" என்று கேட்டார். அவருடைய தலைமயிர் அரைவாசி பொசுங்கியிருந்தது.

ஜேர்மனிக்கு வந்து இந்த வருடத்தோடு பத்து வருடம். ஊரில் என்னைப் பற்றி என்ன கதை என்று எனக்குத் தெரியும். உண்மை என்னவென்றால், ஓர் இத்தாலிக்காரனின் சாப்பாட்டுக் கடைக் குசினியில் மா குழைக்கிறேன். முதலாளி வாடிக்கையாளர்களுக்கு என்னைச் சிசிலிக்காரன் என்று சொல்லி வைத்திருக்கிறான். குசினிக் கதவால் எட்டிப்பார்க்கிற சனத்துக்கு நான் கையைக் காட்டவேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. நான் இந்த நாட்டில் அடைந்த ஆகப் பெரிய பதவி, எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். அதுவும் போய்விட்டது. அந்தக் கதைதான் இது.

2

கொரியா அண்ணையை முதலில் கண்டது வெளிநாட்டவர் அலுவலகத்தில். அந்த அலுவலகம் தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். விடிய முன்னமே வாசலில் நிற்கவேண்டும். துண்டு எடுக்கவேண்டும். உங்கள் இலக்கம் வருகிற நேரம் பார்த்து அவர்கள் கோப்பி குடிக்கப் போவார்கள். எனக்கு முன்னால் நின்றவர் ஒல்லியான, சப்பை மூக்கு மனிதர். ஒரு காலை லேசாக இழுத்து நடந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி அவரிடம் தொழில் என்ன என்று கேட்டாள். ஓய்வுபெற்றவர் என்றார். வயதைக் கேட்டாள். முப்பத்து மூன்று என்றார். முப்பத்து மூன்று வயதில் இந்த நாட்டில் யாரும் ஓய்வுபெறுவதில்லை, அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அவள் கோபித்தாள். தான் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர், முழங்கால் போய்விட்டது என்று அவர் விளக்கினார். அவள் புத்தகத்தைப் புரட்டினாள், அப்படி ஒரு கட்டம் இல்லை. கடைசியில் "ஏனையவை" என்று போட்டுவிட்டாள்.

அடுத்தது நான். தொழில் என்ன என்றாள். தெற்கில் கடை முதலாளி என்றேன். கடை எங்கே என்றாள். எரிந்துபோச்சு என்றேன். எனக்கும் "ஏனையவை".

வெளியே பஸ் தரிப்பிடத்தில் இரண்டு ஏனையவையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவருடைய டொச் பாஷையும் என்னுடைய டொச்சும் கால் ஊனமான இரண்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல. ஆனால் ஒருவருக்கொருவர் நன்றாகவே விளங்கியது. ஜேர்மன்காரருக்குத்தான் எங்கள் இருவரையும் விளங்குவதில்லை. அவருடைய பெயர் சொங். தென்கொரியாவில் ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து பெரிய நிலத்துக்குப் போனபோது அங்குள்ள பெடியள் தன்னுடைய பேச்சைப் பழித்துக்காட்டிச் சிரிப்பார்களாம், தீவான் என்று. நான் அந்த இடத்திலேயே அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

3

அவருடைய விளையாட்டு வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சொன்னார். பெரும்பாலும் அவர் காவல் பார்த்த மைதானத்தில், பார்வையாளர் இருக்கிற மர வாங்கிலே இருந்து. அவருடைய சொற்களை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், என் காதில் அப்படித்தான் கேட்டது.

தகப்பன் மீன்பிடிக்கிறவர். தாய் கடற்பாசி காயவைக்கிறவர். தண்ணீர் வற்றும்போது வெளிக்கிற சேற்றுத் தரைதான் மைதானம். பந்து காலை விட்டு அகன்றால் கடல் கொண்டுபோய்விடும், அதனால் பந்தைக் காலோடு வைத்திருக்கப் பழகினார். அதைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடம் அவரைப் பெரிய நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு ஒரு வங்கி தன்னுடைய அணிக்கு எடுத்தது. காலையில் வங்கி மேசையில் கழுத்துப்பட்டியோடு சும்மா இருக்கவேண்டும், பின்னேரம் விளையாடவேண்டும். பிறகு பட்டாளம். அங்கேயும் ஓர் அணி. எண்பத்து மூன்றில் அவர்களுடைய நாட்டில் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. என் கடை எரிந்த வருடம் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். சிலருக்கு வருடங்கள் அப்படி விழுகின்றன.

முதல் போட்டிக்குத் தகப்பன் தீவிலிருந்து வள்ளத்திலும் பஸ்ஸிலும் வந்தாராம், வெள்ளை உடுப்புப் போட்டு. மகன் மாற்று ஆட்டக்காரர் வாங்கிலே, பன்னிரண்டாம் இலக்கச் சட்டையோடு. இடைவேளைக்குப் பிறகு கோட்டோரமாக ஓடி உடம்பைச் சூடாக்கினார். இறக்கவில்லை. தகப்பன் மகனுடைய பிடரியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். பிறகு ஒருதரம் நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் ஓடி ஓடிச் சூடாக்கினார், நடுவர் விசில் ஊதிவிட்டார்.

அந்தக் காலத்தில் அவர்களுடைய நாட்டவர் ஒருவர் ஜேர்மனியில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்து இரண்டாம் பிரிவு அணி ஒன்று தங்களுக்கும் ஒரு கொரியாக்காரர் வேண்டும் என்று ஆசைப்பட்டது. சந்தையில் அதே நிறத்தில் இன்னொரு மாடு கிடைக்குமா என்று பார்க்கிற மாதிரி. சொங் வந்தார். பத்திரிகையில் அவருடைய படத்துக்குக் கீழே மற்றவருடைய பெயரைப் போட்டார்கள். சனம் மற்றவருடைய பெயரைச் சொல்லிக் கத்தியது. பயிற்சியாளர் தான் சொல்வது விளங்காவிட்டால் அதையே இன்னும் பலமாகச் சொல்வார். அவர் இரண்டாம் பிரிவில் அடித்தது ஒரேயொரு கோல். ஒலிபெருக்கிக்காரன் அந்தக் கோலையும் மற்றவருடைய பெயரில் அறிவித்தான்.

பிறகு முழங்கால். பிறகு மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு. கடைசியாக எங்கள் நகரத்துக் கழகம். அந்தக் கழகமும் செத்துப்போனது. நகரசபை அவரை அந்த மைதானத்துக்கே பராமரிப்பாளராக வைத்து, உடுப்பு மாற்றுகிற கட்டடத்துக்கு மேலே ஓர் அறையும் கொடுத்தது. புல் வெட்டுவார், கோடு போடுவார், வலை தைப்பார். வலை தைக்கிறதில் ஆள் விண்ணன், தகப்பனுடைய கை.

ஒருநாள் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "நான் என்ரை வாழ்க்கையிலை கூட ஓடினது கோட்டுக்கு வெளியாலைதான், அண்ணை. இஞ்சை எண்டாலும் கோட்டைப் போடுறது நான்."

4

போன வருட இளவேனிலில் நகரசபை அவருக்கு அறிவித்தது. அந்த மைதானத்தில் பதிவுசெய்த இரண்டு கழகங்களாவது விளையாடவேண்டும். இல்லாவிட்டால் கோடை முடிய மூடிவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்குவார்கள். மைதானம் போனால் வேலை போகும், அறை போகும். வேலையும் அறையும் இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடிப் பெண்மணி இந்த முறை "ஏனையவை" என்றும் போடமாட்டாள். அவர் நாட்டுக்குத்தான் போகவேண்டும். தகப்பனும் தாயும் இல்லை. தீவிலே இளம் ஆட்கள் எல்லாரும் பட்டினத்துக்குப் போய்விட்டார்கள், பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டார்களாம்.

அப்போது அங்கே விளையாடியது ஒரு போர்த்துக்கேயர் கழகம் மட்டும். இன்னொரு கழகம் வேண்டும். அவர் என்னிடம் வந்தார். உங்களுக்குச் சங்கம் இருக்கிறது என்று சொன்னீரே, பதினொரு பேர் கிடைக்கமாட்டார்களா என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, பதினொன்றென்ன, எங்களிடம் நூறு பேர் இருக்கிறார்கள் என்றேன். அவர் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்றும் அறியாத அப்பாவி. அறிந்த நானும் அப்படிச் சொன்னேன் பாருங்கள்.

சங்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். கொரியாவிலிருந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் எங்கள் பெடியளுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறார். பக்கத்துத் தீவு நாரந்தனையார் கேள்விப்பட்டால் வயிறெரிவார்கள். ஊரில் இருந்த காலத்தில் நாரந்தனைப் பெடியள் எங்களை வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். நாங்கள் தோற்றுவிட்டு வந்து, பந்து எந்த வட்டாரத்துக்காரனைத் தாண்டிப் போனது என்று ஒரு கிழமை ஆராய்வோம். அனலைதீவாரை மட்டும் ஒருதரம் வென்றோம். காற்று மாறி அவர்களுடைய வள்ளம் வரப் பிந்தியதால் நடுவர் எங்களுக்குத் தந்த வெற்றி அது. அதற்கும் வெடி கொளுத்தினோம்.

பிறகு அணி தெரிவு. இங்கேதான் ஜேர்மன்காரருக்கும் கொரியாக்காரருக்கும் ஒருநாளும் வராத சிக்கல் எங்களுக்கு வந்தது. வட்டாரம் பன்னிரண்டு, அணிக்கு ஆள் பதினொன்று.

தலைவர் மார்க்கண்டு முதலாம் வட்டாரம். ஊரில் விதானை என்கிற கிராம அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல், அந்தக் குறையை இருபது வருடமாகச் சங்கங்களில் தீர்த்துக்கொண்டிருப்பவர். அவர் எழும்பி, வட்டாரத்துக்கு ஒருவர், சட்டை இலக்கமும் வட்டார இலக்கமே, ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது என்று தீர்ப்புச் சொன்னார். சபை கை தட்டியது. அப்போ பன்னிரண்டு, என்று நான் கேட்டேன். பன்னிரண்டு வாங்கிலே இருக்கட்டும், ஆருக்கும் காயம் வந்தால் இறக்கலாம் என்றார். ஊரிலும் எங்களுடைய வட்டாரத்துக்குத்தான் எல்லாம் கடைசி. றோட்டு கடைசி, கரண்ட் கடைசி, திருவிழாவில் எங்களுடைய முறை வரும்போது மேளகாரர் களைத்துப் போயிருப்பார்கள். நான் செயலாளர் என்றபடியால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்ட அறிக்கை எழுதினேன்.

5

முதல் பயிற்சிக்கு எங்கள் அணி புதுச் சட்டையோடு போய் வரிசையில் நின்றது. சொங் எங்களைப் பார்த்தார். சட்டை இலக்கங்களைப் பார்த்தார். உதைபந்தாட்டத்தில் இலக்கத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று உலகமெல்லாம் நம்புகிறது. ஒன்று கோல் காப்பவர், ஒன்பது கோல் அடிப்பவர். அந்த மனிதரும் அப்படியே நம்பி ஒன்பதைக் கூப்பிட்டு முன்னுக்கு விட்டார். ஒன்பதாம் வட்டாரம் அனுப்பியிருந்தது பரமலிங்கத்தாரை. நாற்பத்தைந்து வயது, நல்ல வண்டி வயிறு, பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. பந்து வந்தபோது அவர் அதற்கு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கினார்.

ஒன்றாம் இலக்கம் மார்க்கண்டரின் மச்சினன். அவனுக்குப் பந்தென்றால் பயம். பந்து வரும்போது இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்வான். பயிற்சி முடிய சொங் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுடைய நாட்டில் ஒன்றாம் இலக்கக்காரர் என்ன செய்வார் என்று மெதுவாக விசாரித்தார். வட்டாரங்களைப் பற்றி விளக்கினேன். அவர் விரல்விட்டு எண்ணிப்பார்த்துவிட்டு, அப்படியென்றால் பன்னிரண்டு எங்கே என்றார். வாங்கிலே, என்றேன். அவர் வாங்கைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வட்டாரத்துப் பொடியன் அங்கே தன்னுடைய சப்பாத்து நூலைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த கிழமை சொங் தன் பாட்டுக்கு அணியைப் போட்டார். விளையாடத் தெரிந்தவர்களை எடுத்தார், தெரியாதவர்களை வாங்கிலே இருத்தினார். உலகத்தில் வேறெங்கும் இதை அநியாயம் என்று சொல்லமாட்டார்கள். எங்கள் அணியில் மூன்றாம் வட்டாரத்தில் மூன்று பேர், முதலாம் வட்டாரத்தில் ஒருவரும் இல்லை, பன்னிரண்டு முழு ஆட்டமும் உள்ளே. அன்று பின்னேரமே ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. மார்க்கண்டர் என்னிடம், "உமக்குத் தெரியாமல் கொரியாக்காரனுக்கு எங்கடை வட்டாரம் எப்பிடித் தெரியும்? நீர்தான் ஓதிக்குடுத்திருக்கிறீர்" என்றார். நான் ஓதவில்லை. என்னை நம்ப ஒருவருமில்லை. மனைவி புவனம்கூட, உங்கடை ஆள்தானே விளையாடுது, பிறகென்ன என்றாள்.

6

அவசரப் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. எங்கள் சங்கத்தில் சாதாரணக் கூட்டம் என்று ஒன்று நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பரமலிங்கத்தார் எழும்பி, வயது போனாலும் தன்னைக் கேட்காமல் இருத்தியது ஒன்பதாம் வட்டாரத்துக்கே செய்த அவமானம், ஆனால் பன்னிரண்டை இத்தனை நாளும் வாங்கிலே வைத்தது அதைவிடப் பெரிய அவமானம், இரண்டுக்கும் தலைவர்தான் பொறுப்பு என்றார். அதற்குப் பிறகு கதிரைகள் பேசின. முடிவில் ஒன்று முதல் ஆறு வரை அந்தப் பக்கம், ஏழு முதல் பன்னிரண்டு வரை இந்தப் பக்கம். சங்கம் உடைந்தது. என் செயலாளர் பதவி அந்த உடைவுக்குள் விழுந்து காணாமல் போனது.

இதிலே எனக்கு மனம் கொதித்தது வேறொன்றுக்கு. அந்தச் சண்டை நடந்த நேரம் எங்களுடைய தீவிலே ஒரு வட்டாரத்திலும் சனம் இல்லை. ஆமி இறங்கிய நாளோடு சட்டி பெட்டி, ஆடு மாட்டை விட்டுவிட்டு எல்லாரும் வெளிக்கிட்டவர்கள். பெரியண்ணை கொக்குவிலில் ஒரு வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டிலில் இருக்கிறார். பன்னிரண்டாம் வட்டாரத்தில் எங்களுடைய வீட்டுக்கு முன்னால் இப்போது ஆமியின் காவல் சென்றி என்று கேள்வி. அங்கே இல்லாத வட்டாரத்துக்காக இங்கே கதிரை உடைக்கிறோம். கூட்டத்தில் இதைச் சொல்லிக் கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் நானும் கதிரை தூக்கினவன்தான்.

அந்தக் கிழமையே போர்த்துக்கேயரும் வேறு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே சுடுதண்ணீர் வருகிறதாம். பதிவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கழகம் இரண்டு வேண்டும், கையில் ஒன்றும் இல்லை.

சொங்கிடம் சொல்லப் போனேன். அவர் நடுவட்டத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சங்கம் உடைந்ததையும், போர்த்துக்கேயர் போனதையும், என்னால் ஏலாமல் போனதையும் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை. வட்டத்தைச் சுற்றி முடித்து, தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"போற நாள் மட்டும் கோடு சரியாய் இருக்கட்டும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து புவனத்தின்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். ஒரு மனிதன் நம்பி வந்து கேட்டது ஒரேயொரு உதவி. பதினொரு பேர். அதைக் கொடுக்க எங்கள் ஊருக்கு வக்கில்லை.

7

வெள்ளிக்கிழமை காலை பரமலிங்கத்தார் கோட் சூட்டோடு வாசலில் நின்றார். உடைந்த பக்கம் சும்மா இருக்கப்போவதில்லையாம், புதிதாகக் கழகம் பதியப்போகிறதாம். இந்த நாட்டில் ஒரு கழகம் பதிய ஏழு பேர் ஒப்பம் வைத்தால் போதும். இந்தச் சட்டத்தை எழுதியவர் எங்கள் ஆட்களைக் கண்டதில்லை என்று நினைக்கிறேன். பெயரும் ஆயத்தம்: ஐக்கிய உதைபந்தாட்டக் கழகம். எங்களில் உடைந்து போகிற பக்கம்தான் எப்போதும் ஐக்கியம்.

மொழிபெயர்க்க என் மகள் சுதாவைக் கூட்டிக்கொண்டு போனோம். பதினாலு வயது. அவளுக்கு டொச் தண்ணி பட்ட பாடு, தமிழ் வேண்டா வெறுப்பு. நான் டொச்சில் வாயைத் திறந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். எந்த வட்டாரம் என்று கேட்டால் நாங்கள் இருக்கிற தெருவின் பெயரைச் சொல்லுவாள்.

நகரசபை வரிசையில் எங்களுக்கு முன்னால் மார்க்கண்டர் நின்றார், கையில் புது றப்பர் சீல். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் பதியப்போவதைக் கேள்விப்பட்டு, பழைய சங்கம் தாங்கள்தான் என்று முந்திப் பதிய விடியவே வந்திருக்கிறார். அவருடைய அலுவல் முடிந்தும் போகாமல் பின்னால் நின்றுகொண்டார். அடுத்ததாக நாங்கள் போனோம்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கழகம், ஒரே தீவு, ஒரே மைதானம், ஒரே நாள். என்ன வித்தியாசம் என்றார். சுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, என்ன வித்தியாசம்?"

நான் சொல்லத் தொடங்கினேன். வட்டாரம், திருவிழா முறை, றோட்டு, கரண்ட், களைத்த மேளகாரர், வாங்கிலே இருந்த பொடியன். பரமலிங்கத்தார் இடைக்கிடை திருத்தினார். பின்னால் நின்ற மார்க்கண்டரும் பொறுக்கமாட்டாமல் வந்து திருத்தினார். சுதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அதிகாரியிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள். அவர் தலையாட்டிச் சீல் குத்தினார். வெளியே வந்து என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"உவையள் ஒருநாளும் சேரமாட்டினம் எண்டு சொன்னனான்."

படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நின்றுவிட்டேன். பதிவுசெய்த கழகம் எத்தனை? இரண்டு. மைதானத்துக்கு வேண்டியது எத்தனை? இரண்டு. ஒற்றுமையாக இருந்திருந்தால் ஒன்று, மைதானம் மூடியிருக்கும். ஐம்பது வருடமாக எங்களைக் கெடுத்த குணம் முதல்முறையாக ஒரு மனிதனுக்கு உதவியிருக்கிறது. நான் சிரித்தேன். பிறகு அழுதேன். சுதா, ஆட்கள் பார்க்கினம் என்று டொச்சில் அதட்டினாள்.

சொங்கிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் சுண்ணாம்பு வண்டியிலே சாய்ந்துகொண்டு கேட்டார். எங்களுக்கு மொத்தம் எத்தனை வட்டாரம் என்று மறுபடி விசாரித்தார். பன்னிரண்டு என்றேன். அப்ப இந்த மைதானத்துக்கு இனிப் பயமில்லை என்றார்.

8

மைதானத்தில் முதல் ஆட்டம் வேறு யாரோடு? எங்களோடு நாங்கள்தான். சனம் திரண்டு வந்தது, றோல்ஸும் வடையும் விற்றார்கள். ஐக்கியத்துக்கு ஆறு வட்டாரம், வட்டாரத்துக்கு இரண்டு பேர் வீதம் பன்னிரண்டு பேர். அணிக்குப் பதினொன்று. திரும்பவும் அதே கணக்கு. கதிரைகள் மறுபடி பேசப் பார்த்த நேரம், பந்து தொடாத என்னை விட்டால், எங்கள் வட்டாரத்தில் இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. எங்களுடைய வட்டாரத்து ஆட்கள் பெரும்பாலும் கனடா. அப்படியென்றால் பதினொன்றுதான், கணக்குச் சரி என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

ஆனால் ஆட்டத்துக்குச் சற்று முன் எட்டாம் வட்டாரத்துப் பொடியனுக்குக் கால் பிரண்டது. ஆள் குறைந்தது. பரமலிங்கத்தார் சுற்றுமுற்றும் பார்த்தார். "பன்ரெண்டுக்கு இன்னும் ஒரு இடம் கிடக்கு" என்றார். "கொரியா அண்ணை இறங்கட்டும். அவரும் தீவார்தானே."

சொங் மறுத்தார். முழங்கால் என்றார். தான் நடுவராக நிற்கவேண்டும் என்றார். ஒருவரும் கேட்கவில்லை, விசிலை வேறொருவர் வாங்கிக்கொண்டார். வட்டாரத்துக்கு இரண்டாக அடித்த சட்டையில் மிஞ்சியதை அவருடைய தலைக்கு மேலாலே போட்டுவிட்டார்கள். பன்னிரண்டாம் இலக்கம். அவர் தான் போட்ட கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தார். முதல் விசிலுக்கே உள்ளே நின்றார். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒலிபெருக்கி மார்க்கண்டரின் கையில். எந்தச் சங்கம் உடைந்தாலும் மைக்கை அவர் விடமாட்டார். இடைவேளைக்குச் சற்று முன், சொங் இடப் பக்கத்தால் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு போனார், கடல் கொண்டுபோய்விடும் என்பதுபோல. நொண்டிக்கொண்டுதான். மூன்று பேரைக் கடந்து உள்ளே அடித்தார். அங்கே பரமலிங்கத்தார் நின்றார். இந்த முறை ஒதுங்க நேரம் கிடைக்கவில்லை. பந்து அவருடைய வண்டி வயிற்றில் பட்டு வலைக்குள் போனது. முதலாம் வட்டாரத்து மச்சினன் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான்.

சனம் ஒலிபெருக்கியைப் பார்த்தது. எதிரி அடித்த கோல் என்றால் அறிவிக்க வாய் வருமா? மார்க்கண்டர் ஒருமுறை செருமினார்.

"கோல். அடிச்சது பரமலிங்கம், ஒன்பதாம் வட்டாரம். பந்து குடுத்தது சொங். பன்னிரண்டாம் வட்டாரம்."

பெயர் சரி. சொங் அண்ணாந்து ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு முழங்கால் வீங்கி வாங்கிலே வந்து இருந்தார். ஐஸ் கட்டியைக் காலில் வைத்துக்கொண்டு, அதே கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தானாகப் போய் இருந்ததால் அந்த வாங்கு அவருக்குச் சொகுசாக இருந்திருக்கவேண்டும்.

9

இனிப் பெரியண்ணை.

அண்ணியின் கண், கிளாலிக் கடல், கொட்டில் கூரை என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். ஷெல்லைப் பற்றி ஒன்றுமில்லை. சுதாவைப் பற்றி ஒன்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் நாரந்தனையார் யாரும் நின்றார்களோ என்னவோ.

"டேய், அங்கை ஊர்ப் பெடியள் மச் அடிச்சவங்களாம். கொக்குவில் வரைக்கும் கதை வந்திட்டுது. எங்கடை வட்டாரம் இறங்கினதோ? இல்லாட்டிப் பழையபடி வாங்கிலையோ?"

"இறங்கினது அண்ணை. முதலிலேயே இறங்கினது."

மறுபக்கத்தில் அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "ஆர் இறங்கினது?"

"ரண்டு பேர். ஒண்டு எங்கடை பள்ளிக்கூடத்தடிப் பொடியன். மற்றது சொங் எண்டு ஒருத்தர். கோலுக்குப் பந்து குடுத்ததே அவர்தான்."

"சொங்." அவர் யோசித்தார். ஆளில்லாத பன்னிரண்டாம் வட்டாரத்தில், ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. "ஆற்றை மோன்? தேப்பன் ஆர்?"

என்ன சொல்ல? அவரை அந்த ஒழுங்கைகளிலிருந்து வெளியே கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

"கடற்கரைப் பக்கம் அண்ணை. தேப்பன் மீன்பிடிக்கிறவர். வலை தைக்கிறதிலை விண்ணன். இப்ப ஆள் இல்லை."

"ஓ, ஓ" என்றார் பெரியண்ணை. "விளங்குது. நல்ல சனம். எனக்குத் தேப்பனை வடிவாத் தெரியும்."